கால்பந்து வீரர்களுக்கான யோகப் பயிற்சித் தொடர்: இடுப்புக்கு நல்ல துணை, தொடைக்குப் போதாது

கால்பந்து வீரர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை என்ற அறிவிப்போடு இப்போது பல யோகக் காணொளித் தொடர்கள் கிடைக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை, பொது வகுப்புகளில் கற்பிக்கப்படும் ஆசன வரிசையையே எடுத்துக்கொண்டு, ஆசிரியருக்குப் பின்னால் ஒரு கோல் கம்பத்தை நிறுத்திப் படம்பிடித்தவை. எங்கள் அணி கடந்த போட்டிப் பருவம் முழுவதும் பின்பற்றிய தொடர் அப்படிப்பட்டதன்று. யோகா ஆசிரியர் ஒருவரும் விளையாட்டுத் துறையில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து உருவாக்கிய இத்தொடரில், ஆட்டத்தின்போது உடல் எங்கே இறுகுகிறது, எங்கே தேய்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் ஒவ்வொரு பாடமும் தொடங்குகிறது. இடுப்பு மூட்டு, மூச்சு, ஆட்டத்துக்கு மறுநாள் உடலைத் தேற்றுதல் ஆகிய மூன்றிலும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தொடையின் பின்பக்கத் தசைக் காயங்களை இது தடுக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை மட்டும் எந்தப் பயிற்சியாளரும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கால்பந்து, உடலைச் சமமாகப் பயன்படுத்தும் ஆட்டம் அன்று. வலது காலால் உதைப்பவர், ஆண்டுக்கணக்கில் இடது காலில் ஊன்றி நின்று வலது தொடையை வீசிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு உதைக்கு முன்பும் இடுப்பின் முன்பக்கத் தசைகளும் கவட்டுத் தசைகளும் நீண்டு, மறுகணமே முழு வேகத்தில் சுருங்குகின்றன. களவீரர் ஒருவர் 90 நிமிட ஆட்டத்தில் பொதுவாக 9 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார் என்றாலும், உடலை இறுக வைப்பது அந்தத் தூரத்தைவிட, அதற்கிடையே அவர் திடீரென நிற்பதும் திரும்புவதும் மீண்டும் பாய்வதும்தான். காலப்போக்கில் இடுப்பு மூட்டு உள்நோக்கிச் சுழலும் அளவு குறைகிறது, கணுக்கால் முன்னோக்கி மடங்க மறுக்கிறது, மேல்முதுகு விறைத்துப்போகிறது. இம்மூன்றும் செய்ய வேண்டிய வேலையை, அதற்கென அமையாத கீழ்முதுகும் முழங்காலும் ஏற்றுக்கொள்கின்றன. தொடரின் முதல் பாடம் இதைத்தான் விளக்குகிறது. வீரர்களுக்கு இந்த விளக்கம் மிகவும் தேவை; ஏனெனில் 'உடம்பு வளைய வேண்டும்' என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டுச் சலித்துப்போனவர்கள்கூட, தம் உதையோடு தொடர்புபடுத்திச் சொல்லும்போது விரிப்பில் மனமுவந்து உட்காருகிறார்கள்.

இடுப்புக்கான பாடங்களே இத்தொடரின் உயிர். பெரும்பாலான காணொளிகளில், இறுகிய இடுப்பு என்றதும் புறா போன்ற நிலையில் அமரும் ஏகபாத ராஜகபோதாசனத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். இங்கே அது கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. அதற்கு முன், மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறுதொடைமேல் வைத்து, அந்தத் தொடையை நெஞ்சை நோக்கி இழுக்கும் எளிய நிலையில் பல பாடங்கள் செல்கின்றன. தரையில் முதுகு படிந்திருப்பதால் கீழ்முதுகு வளைந்து ஏமாற்ற முடியாது. உடல் எடை முழங்காலின்மீது இறங்குவதும் இல்லை. மடித்த காலின் பாதத்தைத் தளர விடாமல், விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து வைத்துக்கொள்ளுமாறு ஆசிரியர் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுகிறார். சிறியதாகத் தோன்றும் இந்த அறிவுரை முக்கியமானது. இடுப்பு சுழலாத நிலையில் காலை வலிந்து மடக்கினால், அந்தத் திருகல் முழுவதும் முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பின்மீது இறங்கும். பத்மாசனத்தை அவசரமாகக் கற்கப்போய் முழங்காலைக் கெடுத்துக்கொள்வதும் இப்படித்தான்.

அதைவிட எனக்கு மதிப்பு ஏற்படுத்தியது, எங்கே நிறுத்த வேண்டும் என்று இத்தொடர் சொல்லிக்கொடுக்கும் விதம். இழுவை இடுப்பின் வெளிப்பக்கத்தில் தெரிந்தால் அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். முழங்காலில் தெரிந்தால் உடனே வெளியே வர வேண்டும். இடுப்பின் முன்பக்கத்தில், தொடை உடலோடு சேரும் மடிப்பில், கிள்ளுவது போன்ற வலி தோன்றினால் மேலும் அழுத்தவே கூடாது. இந்த மூன்றாவது எச்சரிக்கையை வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை. வளரும் வயதில் கடுமையாகக் கால்பந்து ஆடியவர்களிடம், தொடையெலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் இடையே எலும்பு சற்றுப் புடைத்திருப்பது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அத்தகையவருக்கு இடுப்பை ஆழமாக மடக்கும்போது வழிமறிப்பது தசை அன்று, எலும்பு. எலும்பை எந்த ஆசனமும் நீட்டிவிடாது. அவரை மலாசனத்தில் முழுமையாகக் குந்த வைத்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் ஆசிரியர், அவருடைய மூட்டைச் சேதப்படுத்துகிறார். இத்தொடரில் மலாசனத்தைக் குதிகாலுக்கடியில் கட்டை வைத்தும், பாதங்களை அகலமாக வைத்தும், பாதி ஆழத்தில் நின்றும் செய்துகாட்டி, எது பொருந்துகிறதோ அதுவே உங்கள் ஆசனம் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆஞ்சநேயாசனத்தைக் கற்பிக்கும் முறையும் அவ்வாறே நன்று. ஒரு காலை முன்வைத்து, பின்காலின் முழங்காலைத் தரையில் ஊன்றும் இந்நிலையில், எங்கள் மையத் தடுப்பாட்டக்காரர் முதலில் மிக நீளமாகக் காலை அகட்டி, மார்பை உயர்த்தி, பார்ப்பதற்கு அழகாக நின்றார். ஆனால் வளைந்திருந்தது அவருடைய கீழ்முதுகு. இடுப்பின் முன்பக்கம் கொஞ்சமும் நீளவில்லை. காணொளியில் சொல்லியபடி, வால் எலும்பைக் கீழ்நோக்கி இறக்கி, பின்காலின் புட்டத்தசையை இறுக்கச் சொன்னதும், அவர் தம் காலடியை ஏறத்தாழ பாதியாகக் குறைக்க நேர்ந்தது. அந்தச் சிறிய நிலையில்தான் தொடையின் முன்பக்கம் நடுங்கத் தொடங்கியது. ஆசனம் சிறிதாகி, பயன் பெரிதானதை அவரே உணர்ந்து, பிறகு மற்ற வீரர்களுக்கும் செய்துகாட்டினார். ஆழத்தைத் துரத்தாமல் இடத்தைத் தேடும் இந்த அணுகுமுறை தொடர் நெடுகிலும் மாறாமல் இருக்கிறது.

பாதத்துக்கும் சமநிலைக்குமான பகுதி சுருக்கமானது. வெறுங்காலில், மரம்போல் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், அதே நிலையில் பந்தை எறிந்து பிடித்தல், வீரபத்ராசனத்தின் மூன்றாம் வடிவத்தில் ஒற்றைக் காலில் முன்சாய்தல் என்று மிகையில்லாமல் அமைந்திருக்கிறது. கணுக்கால் ஒருமுறை பிசகியவருக்கு மீண்டும் பிசகும் வாய்ப்பைச் சமநிலைப் பயிற்சி குறைக்கும் என்பது நன்கு நிலைபெற்ற செய்தி; ஆகவே இப்பகுதியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வாரத்தின் எந்த நாளில் எதைச் செய்வது என்ற அட்டவணையில்தான் இத்தொடர் மற்றவற்றிலிருந்து முற்றிலும் விலகி நிற்கிறது. ஆட்டத்துக்கு மறுநாளுக்கென்று ஒரு பாடம், வாரத்தின் நடுவே கடும்பயிற்சி முடிந்தபின் ஒரு பாடம், ஓய்வுநாள் இரவுக்கு ஒரு பாடம், ஆட்டநாளுக்கு ஒரு பாடம் எனத் தனித்தனியாக வகுத்திருக்கிறார்கள். மறுநாள் பாடத்தில் நீட்சி மிகக் குறைவு. ஆட்டம் முடிந்த உடலில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சிதைந்திருக்கும்; அவற்றை அன்றே பிடித்து இழுப்பது தேறுதலைத் துரிதப்படுத்தாது. எனவே கால்களைச் சுவரில் உயர்த்திச் சாய்க்கும் விபரீத கரணி, முட்டி மடித்துப் படுத்தபடி இடமும் வலமும் மெல்லச் சாய்தல், நீண்ட சவாசனம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பயிற்சி செய்தால் வியர்க்க வேண்டும் என்று எண்ணும் இளம் வீரர்களுக்கு முதலில் இது ஏமாற்றமளித்தது. ஆனால் அடுத்த பயிற்சிக்கு வரும்போது அவர்களுடைய நடையிலேயே வேறுபாடு தெரிந்தது என்பதைப் பயிற்சியாளர் என்ற முறையில் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆட்டநாள் பாடத்தில் இந்தக் கவனம் சிதறிவிடுகிறது. தொடக்கம் சரியாகவே இருக்கிறது. சூரிய நமஸ்காரத்தின் அசைவுகளை வேகமாக மாற்றிச் செய்வதும், காலடி எடுத்து வைத்தபடியே மேலுடலைத் திருப்புவதும் உடலைச் சூடேற்றுகின்றன. பிறகு ஏன் என்று தெரியவில்லை, கால்களை அகல விரித்து உட்காரும் உபவிஷ்ட கோணாசனத்திலும், மல்லாந்து படுத்து ஒரு காலை உயர்த்திப் பிடிக்கும் சுப்த பாதாங்குஷ்டாசனத்திலும் ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாக அசையாமல் இருக்கச் சொல்கிறார்கள். ஒரே தசையை 60 நொடிக்கு மேல் அசையாமல் நீட்டி வைத்திருந்தால், அதன்பின் சிறிது நேரத்துக்கு அத்தசையின் வலிமையும் பாய்ச்சல் திறனும் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்ட முடிவு. 30 நொடிக்குள் முடிக்கும் நீட்சி, அதன்பின் ஓட்டமும் தாவலும் தொடர்ந்தால், பெரிய பாதிப்பை உண்டாக்குவதில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பங்கேற்ற தொடரில் இந்தப் பிழை நுழைந்திருக்கக் கூடாது. அப்பாடத்தின் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு, வழக்கமான வார்ம்-அப்புக்கு மாறிவிடுவதே நல்லது. அதே நீட்சிகளை இரவுப் பாடத்துக்குக் கொண்டுபோனால் அவை நன்றாகவே பயன்படுகின்றன.

இனி, தொடையின் பின்பக்கத் தசைக்கு வருகிறேன். வீரர்கள் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்லும் இத்தசைத் தொகுதியில் ஏற்படும் கிழிவுதான் இன்றைய கால்பந்தின் மிகப் பெரிய காயச் சிக்கல். ஐரோப்பாவின் முன்னணி கழகங்களைத் தொடர்ந்து கண்காணித்துவரும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபாவின் காய ஆய்வின்படி, 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த இவ்வகைக் காயங்கள் 2021-22 பருவத்தில் 24 விழுக்காடாக உயர்ந்துள்ளன. இந்த அச்சத்தை நம்பித்தான் பல தொடர்கள் விற்கின்றன. இத்தொடரும் 'தொடைக் காயத்துக்கு விடை' என்ற தலைப்பில் ஒரு பகுதியைக் கொண்டிருக்கிறது. அதில் இருப்பவை ஏறத்தாழ முழுவதும் நீட்சி ஆசனங்கள்.

காயம் எப்படி ஏற்படுகிறது என்று பார்த்தால் இந்த விடை ஏன் போதாது என்பது புரியும். முழு வேகத்தில் ஓடும்போது, முன்னோக்கி வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், தொடைப்பின் தசை நீண்டுகொண்டே அந்தக் காலின் வேகத்தை அடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கிழிவுகள் நேர்வது அந்தக் கணத்தில்தான். அப்போது தேவைப்படுவது, நீண்ட நிலையிலும் விசையைத் தாங்கும் வலிமை. தரையில் அமைதியாக உட்கார்ந்து காலை நீட்டுவதால் அவ்வலிமை வந்துவிடாது. முழங்காலில் மண்டியிட்டு, இன்னொருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னோக்கி இறக்கும் நோர்டிக் பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் இக்காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன என்று 2019-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. 15 பயிற்சிகளைக் கொண்டு, ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடியும் ஃபிஃபா 11+ வார்ம்-அப் முறையிலும் அது இடம்பெற்றிருக்கிறது. யோகப் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகள் அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை. கல்லூரி விளையாட்டு வீரர்கள் 10 வாரம் யோகா செய்தபின் அவர்களுடைய நெகிழ்வும் சமநிலையும் மேம்பட்டதை 2016-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது; பங்கேற்றவர்களோ சிலர், அளக்கப்பட்டதோ நெகிழ்வும் சமநிலையுமே. இவ்விரண்டும் மேம்படுவதைக் காயம் குறைவதற்கான சான்றாகக் காட்டுவது நியாயமாகாது.

நீட்சி சில வேளைகளில் தீங்காகவும் முடியலாம். உட்காரும் எலும்பில் தொடைப்பின் தசை வேர்கொள்ளும் இடத்தில் ஏற்கெனவே வலி உள்ளவர், முன்குனியும் ஆசனங்களில் மேலும் மேலும் இழுத்தால் அந்தத் தசைநாண் எரிச்சலுற்று நாள்பட்ட தொல்லையாகிவிடும். எங்கள் பக்கவாட்டு முன்கள வீரர் ஒருவருக்கு அவ்விடத்தில் வலி இருந்தது. இறுக்கம் என்று எண்ணி அவர் இப்பகுதியையே திரும்பத் திரும்பச் செய்துவந்தார். முன்குனிதலை நிறுத்தி, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனத்தைக் குதிகால் ஊன்றி, பின்னர் ஒற்றைக் காலால் தாங்கும் வகையில் மாற்றியபின்தான் அவர் உட்காரும்போது முகம் சுளிப்பது நின்றது. வேடிக்கை என்னவென்றால் என்று சொல்ல மனமில்லை, வருத்தம் என்னவென்றால், வலுவூட்டும் இந்தச் சேதுபந்தாசன வடிவம் இதே தொடரில் வேறொரு பாடத்தின் மூலையில் இருக்கிறது. அதைத் தொடைக்கான பகுதியின் நடுவில் வைத்திருந்தால் என் விமர்சனத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

ரயன் கிக்ஸ் தொடைக் காயங்களால் அவதிப்பட்ட பிறகு யோகாவுக்கு வந்து, 40 வயதுவரை மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடி 2014-இல் ஓய்வுபெற்றதை இங்கே பலர் சுட்டிக்காட்டுவார்கள். அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி அணியுடனும் யோகா ஆசிரியர் ஒருவர் பணியாற்றினார். இரண்டும் உண்மை, இரண்டும் எனக்கு ஊக்கமளிப்பவை. ஆனால் அந்த அணிகளில் யோகா, வலுப்பயிற்சியோடும் மருத்துவக் குழுவோடும் ஓட்ட அளவைக் கணக்கிடும் நிபுணர்களோடும் கூடவே நடந்தது. அவற்றின் இடத்தைப் பிடிக்க வந்ததன்று. உள்ளூர்க் கழகமொன்று அவை எவையும் இல்லாமல் யோகாவை மட்டும் எடுத்துக்கொண்டு அதே பயனை எதிர்பார்ப்பது வீரர்களுக்கு நல்லதல்ல.

மூச்சுக்கான பாடங்கள் நான் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்தன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்ற அளவில் மெதுவாகச் சுவாசிக்கும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் சீராகிறது; மூச்சு வெளியேறும்போது துடிப்பு தணிவது உடலின் இயல்பு. இதை வைத்துக்கொண்டு, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கும் எளிய முறையொன்றை ஆட்டத்தின் சூழலுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பெனால்டி உதைக்கும் வீரர், பந்தை 11 மீட்டர் புள்ளியில் வைத்தபின் நிமிர்ந்து பின்னால் நடக்கும் அந்தச் சில அடிகளில், மூக்கால் இழுத்த ஒரே மூச்சை உதடு குவித்து நீளமாக வெளிவிட வேண்டும். நடுவர் விசில் ஊதிய பிறகுதான் திரும்பிப் பந்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி. இதை அமைதியான அறையில் கற்றுக்கொண்டால் போதாது, ஓடிக் களைத்து மூச்சு வாங்கும் நிலையிலேயே பழக வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்துவதுதான் இதன் நுட்பம். எங்கள் கோல்கீப்பர், நீண்ட நேரம் பந்து வராமல் நிற்கும்போது கவனத்தை மீட்க இதையே பயன்படுத்திக்கொள்கிறார். 15 நிமிட இடைவேளைக்கும் இரவு ஆட்டத்துக்குப்பின் தூக்கம் வராத வேளைக்கும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. பின்னதில் வரும், மூக்குத் துளைகளை மாற்றி மாற்றிச் சுவாசிக்கும் நாடி சோதனம் வீரர்களிடையே மிகவும் விரும்பப்பட்டது. மூச்சை அடக்கி வைக்கும் கும்பகத்தை எங்கும் சேர்க்காததும், அதிவேக மூச்சுப் பயிற்சிகளை ஆட்டநாளில் தவிர்த்ததும் பொறுப்பான முடிவுகள்.

படப்பிடிப்பும் குரலும் தெளிவு. பக்கவாட்டுக் கோணமும் முன்கோணமும் மாறி மாறி வருவதால், விரிப்பில் படுத்திருப்பவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்க்க வேண்டிய தேவை குறைவு. ஆசனப் பெயர்களைச் சொன்ன கையோடு உடலுறுப்பை வைத்து விளக்கிவிடுவதால் புதியவர்கள் மிரள்வதில்லை. ஒரு குறை, செய்துகாட்டுபவர் எல்லாரும் மிகவும் நெகிழ்வான உடலுடையவர்கள். இறுகிய தொடையும் பருத்த கெண்டைக்காலும் கொண்ட உண்மையான ஆட்டக்காரர் ஒருவர் கட்டையையும் பட்டையையும் வைத்துத் தடுமாறிச் செய்வதை ஓரிரு பாடங்களிலாவது காட்டியிருக்கலாம். அணிக்குள் ஒருவர் மற்றவரோடு ஒப்பிட்டுக்கொண்டு எல்லை மீறும் பழக்கம் எப்போதும் உண்டு. திரையில் தெரியும் உடல் அதைத் தூண்டக் கூடாது.

பெரிய இடைவெளி, யாருக்கு இது வேண்டாம் என்ற பகுதியே இல்லாததுதான். பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக உள்ளவர்கள் ஒவ்வோர் அணியிலும் ஓரிருவர் இருப்பார்கள். விரிப்பில் எல்லாரையும்விட நன்றாகத் தெரிபவர்களும் அவர்களே. அவர்களுக்குத் தேவை நீட்சி அன்று; வீரபத்ராசனம், உத்கடாசனம் போன்ற நின்று தாங்கும் நிலைகள்தாம். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழியும் வாய்ப்பு பெண் வீரர்களுக்கு ஆண்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்பதால், குதித்து இறங்கும்போதும் திரும்பும்போதும் முழங்கால் உட்சாயாமல் காக்கும் வலு அவர்களுக்கு இன்னும் முக்கியம். இத்தொடர் அதைத் தொடவேயில்லை. வேகமாக உயரம் கூடும் வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் வலிக்கும் சிறுவர்களை மண்டியிட்டுக் குதிகால்மேல் அமரும் வஜ்ராசனத்திலும், மண்டியிட்ட நிலையிலேயே பின்னால் சாயும் சுப்த வீராசனத்திலும் இருக்க வைப்பது அந்த இடத்தை நேரடியாக அழுத்தும், இழுக்கும். எங்கள் இளையோர் அணிக்கு அவ்விரண்டையும் நானே நீக்கிவிட்டேன்.

வயது வந்தோர் அணிகளின் பயிற்சியாளர்கள் இதை வாங்கலாம். இடுப்புப் பாடங்களை வாரத்தின் நடுவிலும், தேறுதல் பாடத்தை ஆட்டத்துக்கு மறுநாளிலும், மூச்சுப் பயிற்சியைக் களத்திலேயே களைத்த நிலையிலும் வைத்துக்கொண்டு, நோர்டிக் பயிற்சியை ஆட்டத்துக்கு முந்தைய இரு நாட்களைத் தவிர்த்துத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடையைப் பிடித்துக்கொண்டு களத்தைவிட்டு வெளியேறிய வீரருக்கு, பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை இத்தொடரின் எந்த நீட்சிப் பாடத்தையும் போட்டுக்காட்ட வேண்டாம். இளையோர் அணிகளையும் பெண்கள் அணிகளையும் நடத்துபவர்கள், உடன் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வைத்துக்கொண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இதைப் பயன்படுத்துவது நல்லது.